விடை வருவதற்கு முந்தைய 14 விநாடிகள்

பத்து முறை படித்த பாடம் பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறது, ‘திமிங்கிலம் தூங்குமா?’ என்று தானாகக் கேட்டுத் தெரிந்துகொண்டதை மட்டும் என் மகள் மறப்பதேயில்லை, ஏன் என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார்.

புதிய நினைவுகள் பதிய மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி தேவை. இந்தக் கதையில் இன்னொரு பாத்திரம் டோபமைன், நரம்பணுக்களுக்கு இடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள். அதை இன்பம் தரும் ரசாயனம் என்றே பலரும் சொல்கிறார்கள். ஆனால் நரம்பியல் ஆய்வாளர் உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் கண்டது வேறு. பழச்சாறு வரப்போவதற்கான அடையாளம் பழகிய பிறகு, சாறு வாயில் விழும்போது டோபமைனைச் சுரக்கும் நரம்பணுக்கள் சும்மா இருந்தன. அடையாளத்தைக் கண்டதுமே கிளர்ந்தன. குரங்குக்குச் சாறு கொடுப்பதால் நாட்டுக்கு என்ன பயன் என்று கேட்பவர்கள் கையில் ஆராய்ச்சி நிதி இருந்திருந்தால், இது தெரியவந்தே இருக்காது.

பதிலுக்காகக் காத்திருக்கும் மனமும் இப்படித்தானா? டேவிஸிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மத்தியாஸ் க்ரூபரும் சகாக்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. பொது அறிவுக் கேள்விகளைக் கொடுத்து, எவற்றின் விடையை அறிய ஆவல் அதிகம் என்று முதலில் கேட்டுக்கொண்டார்கள். பிறகு ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து அதே கேள்விகளைத் திரையில் காட்டினார்கள். விடை வர 14 விநாடிகள். அந்த இடைவெளியில், கேள்விக்குச் சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவரின் முகம் தோன்றி மறையும்.

பின்னர், முன்னறிவிப்பில்லாமல் ஒரு தேர்வு. ஆவலைத் தூண்டிய கேள்விகளின் விடைகளில் சுமார் 71 சதவீதம் நினைவிலிருந்தது, மற்றவற்றில் 54. இது எதிர்பார்த்ததுதான். ஆனால் ஆவலோடு காத்திருந்தபோது பார்த்த முகங்களும் கூடுதலாக நினைவில் நின்றன! வித்தியாசம் சிறியதுதான், இருந்தும் நெல்லுக்கு இறைத்த நீர் புல்லுக்கும் பொசிந்திருக்கிறது. அந்த முகங்களை யாரும் அறிய விரும்பவில்லை, மனப்பாடம் செய்யவும் இல்லை.

கேள்வி தோன்றியதுமே நடுமூளையில் டோபமைன் அணுக்கள் குவிந்துள்ள பகுதி சுறுசுறுப்பானதை ஸ்கேன் காட்டியது. அந்தப் பகுதியும் ஹிப்போகாம்பஸும் யாருக்கு அதிகம் இணைந்து இயங்கினவோ, அவருக்கே முகங்களும் அதிகம் நினைவிருந்தன. இத்தகைய ஸ்கேன் ரத்த ஓட்டத்தைத்தான் காட்டும், டோபமைனை நேரடியாக அளக்காது. ஆனால் ஹிப்போகாம்பஸில் டோபமைன் சேரும்போது நரம்பிணைப்புகள் வலுப்பட்டு நிலைக்கின்றன என்பதை விலங்குச் சோதனைகள் தனியே காட்டியிருக்கின்றன. விடை வருமுன்பே மூளை பதிவுக்குத் தயாராகிவிடுகிறது.

நம் வகுப்பறைகளிலோ கேள்வி பிறக்குமுன்பே விடையை எழுதிப்போட்டுவிடுகிறோம். ‘முக்கிய வினா விடை’ புத்தகங்களில் காத்திருக்க ஒரு விநாடிகூட இல்லை. பிறகு பரீட்சைக் காலத்தில் நினைவாற்றல் லேகியத்துக்கும் மந்திரித்த கயிற்றுக்கும் காசைக் கொட்டுகிறோம். எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

கால்டெக் எனப்படும் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வாளர்கள் 2009இல் கண்டது வாசகிக்கு உதவும். அறவே தெரியாத விஷயத்திலும் நன்றாகத் தெரிந்ததிலும் ஆவல் குறைவு; அரைகுறையாகத் தெரிந்ததில்தான் அதிகம். எனவே பாடத்தைத் திறக்குமுன் தலைப்பைச் சொல்லி, ஓரிரு குறிப்புகள் கொடுத்து, விடையை ஊகிக்கச் சொல்லுங்கள். ஊகம் தவறினாலும் உடனே திருத்தாதீர்கள். பக்கத்தை அவளே புரட்டட்டும்.