கடன் அறிக்கை: மதிப்பெண்ணைத் தாண்டிப் பார்க்க வேண்டியவை

வீட்டுக் கடன் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட பிறகு என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர், "என் சிபில் ஸ்கோரை எப்படி ஏற்றுவது?" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். 300 முதல் 900 வரையில் அமையும் அந்த மதிப்பெண், நம் கடன்களையும் அவற்றைக் கட்டிய விதத்தையும் காட்டும் கடன் அறிக்கையில் உள்ள பதிவுகளிலிருந்து கணக்கிடப்படுவது. பதிவில் கோளாறு இருக்கும்வரை மதிப்பெண்ணைப் பற்றி மட்டும் கவலைப்பட்டுப் பயனில்லை. ஆகவே, முழு அறிக்கையையும் எடுத்து வாருங்கள் என்றே எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

கடன் தகவல் நிறுவனங்களுக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், கடன் கொடுத்தவர்கள் அனுப்பும் விவரங்களைத் திரட்டி இந்த அறிக்கையைத் தயாரிக்கும் டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு நிறுவனங்கள் இந்தியாவில் இயங்குகின்றன. ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி, இவை ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நம் அறிக்கையை நாமே எடுத்துப் பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. அந்த அச்சத்தால் பலர் பல ஆண்டுகள் பார்க்காமலே இருந்துவிடுவது வருத்தத்துக்குரியது.

முதல் பகுதியில் பெயர், பிறந்த தேதி, பான் எண், முகவரிகள், தொலைபேசி எண்கள் இருக்கும். நாம் ஒருபோதும் குடியிருக்காத முகவரி அதில் காணப்பட்டால், வேறொருவரின் கடன் நம் பெயரில் கலந்திருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.

நிதானமாகப் படிக்க வேண்டியது கணக்குகளின் பகுதியாகும். ஒவ்வொரு கடனுக்கும் தொடங்கிய தேதி, தொகை, நிலுவை, தாமதத் தொகை ஆகியவற்றுடன், அந்தக் கணக்கில் நாம் கடன் வாங்கியவரா, ஜாமீன் போட்டவரா என்பதும் குறிக்கப்பட்டிருக்கும். அண்மையில் வந்த ஆசிரியை ஒருவர், தமக்குக் கடனே இல்லை என்று உறுதியாகச் சொன்னார். அறிக்கையிலோ ஒரு வாகனக் கடன் இருந்தது. உறவினருக்காக அவர் ஜாமீன் கையெழுத்துப் போட்ட கடன் அது. கணக்கின் அடியில் உள்ள மாத வாரியான கட்டங்களைப் பழைய மாதத்திலிருந்து படித்தபோது 000, 000, 028, 059, 090 என்று எண்கள் ஏறிக்கொண்டே போயின. தவணை கட்ட வேண்டிய நாளிலிருந்து எத்தனை நாள் தாமதம் என்பதையே அந்த எண்கள் காட்டுகின்றன. 90 நாளைக் கடந்தால் கடன் பொதுவாக வாராக்கடன் வகைக்குப் போய்விடுகிறது. எண்ணுக்குப் பதில் மூன்று எக்ஸ் எழுத்துகள் இருந்தால், அந்த மாதத்துக்கான தகவலைக் கடன் கொடுத்தவர் அனுப்பவில்லை என்று பொருள். அதைக் கண்டு பதற வேண்டாம்.

இதே பகுதியில் 'செட்டில்டு' என்ற குறிப்பைக் கண்டு திகைத்துப்போனவர்கள் பலர். நிலுவையில் பாதியைக் கட்டினால் போதும், கணக்கை முடித்துவிடலாம் என்று வசூல் முகவர் சொல்வதை நம்பிக் கட்டியிருப்பார்கள். வங்கியைப் பொறுத்தவரை அது முழுமையாக அடைக்கப்படாத கடன். அடுத்துக் கடன் கொடுப்பவரும் அதை அப்படித்தான் பார்ப்பார். முடிந்தவரை முழு நிலுவையையும் செலுத்தி, நிலுவையில்லாச் சான்றைப் பெற்று, குறிப்பு 'குளோஸ்டு' என்று மாறியதா என்பதையும் சரிபார்க்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

கடைசியில், நாம் எங்கெல்லாம் கடன் கேட்டோம் என்ற விசாரணைப் பட்டியல் இருக்கும். குறுகிய காலத்தில் பல இடங்களில் விண்ணப்பித்தால் அது பணநெருக்கடியின் அடையாளமாகப் பார்க்கப்படும். நாம் விண்ணப்பிக்காத நிறுவனத்தின் பெயர் அங்கே இருந்தால், நம் ஆவணங்களை யாரேனும் தவறாகப் பயன்படுத்தினார்களா என்று விசாரிப்பது அவசியம். சேமிப்புக் கணக்கின் இருப்போ வைப்புத்தொகையோ அறிக்கையில் எங்கும் இடம்பெறாது.

தவறு கண்டால் அந்தத் தகவல் நிறுவனத்தின் இணையதளத்திலேயே கட்டணமின்றி முறையிடலாம். திருத்தத்தை அந்த நிறுவனம் தானாகச் செய்துவிட முடியாது. கடன் கொடுத்தவர் உறுதிப்படுத்த வேண்டும் என்பதால், ரசீது, நிலுவையில்லாச் சான்று ஆகியவற்றின் நகல்களுடன் வங்கிக்கும் எழுதிவிடுவது நல்லது. முறையீடு 30 நாட்களுக்குள் தீர்க்கப்படாவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு பெறும் உரிமையை ரிசர்வ் வங்கி நமக்கு வழங்கியிருக்கிறது. ஓரிடத்தில் திருத்தம் வந்த பின்னர், மற்ற மூன்று நிறுவனங்களின் அறிக்கைகளிலும் அதே கணக்கு எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று பார்த்த பிறகே புதிய கடனுக்கு விண்ணப்பியுங்கள்.