68 என்பது மதிப்பெண் அல்ல

"68 எடுத்திருக்கிறான். பாஸ்தானே, டாக்டர்?"

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான் சனிக்கிழமைகளில் உட்காரும் ஆலோசனை அறையில் ஒரு தந்தை இப்படிக் கேட்டார். மூன்றாம் ஆண்டு படிக்கும் மகனின் உளவியல் அறிக்கை அவர் கையில் இருந்தது. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பள்ளி மதிப்பெண் அட்டையைப் பார்த்தே பழகிய யாரும் அந்த எண்ணை அப்படித்தான் வாசிப்பார்கள். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அறிக்கையைக் கொடுத்தவர் ஐந்து நிமிடம் உட்கார வைத்து விளக்கியிருக்க வேண்டும்.

நுண்ணறிவு ஈவு, அதாவது ஐக்யூ, நூற்றுக்கு இத்தனை என்ற கணக்கில் வருவதில்லை. ஒரே வயதுப் பிள்ளைகளின் சராசரியை 100 என்று வைத்துக்கொள்கிறார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் 85க்கும் 115க்கும் இடையில் வருவார்கள். 68 என்றால், அதே வயதில் நூறு பேரை வரிசையாக நிறுத்தும்போது அவனுக்குப் பின்னால் ஒருவரோ இருவரோதான் நிற்பார்கள். இதைச் சொன்னதும் அவர் அறிக்கையை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டார். திரும்ப வாங்கிப் பிரிக்க வேண்டியதாயிற்று, ஏனென்றால் நான் கேட்க வேண்டிய கேள்வி இன்னும் பாக்கியிருந்தது.

சோதனை எந்த மொழியில் நடந்தது?

இங்கிலீஷில், இடையிடையே மலாயில். பையனோ செம்பனைத் தோட்டத்தில் பாட்டியிடம் வளர்ந்தவன். வீட்டில் தமிழ், பள்ளியும் தமிழ்ப்பள்ளி. மலாயைப் பாடமாகப் படிக்கிறான். இங்கிலீஷ் அவனுக்குத் தொலைக்காட்சியில் கேட்கும் மொழி. வாயால் பதில் சொல்ல வேண்டிய பகுதிகளில் எல்லாம் அடிமட்டத்தில் இருந்தான். சிவப்பு வெள்ளைக் கட்டைகளை அடுக்கிப் படத்தில் உள்ள வடிவத்தைக் கொண்டுவரும் பகுதியில் மட்டும் வயதுக்கு ஏற்ற இடத்தில் இருந்தான். இந்த இரண்டையும் கூட்டிச் சுருக்கி வந்ததுதான் 68. அறிக்கையின் ஏழாம் பக்கத்து அட்டவணையில் இந்த இடைவெளி தெளிவாகவே இருந்தது. முதல் பக்கத்து எண்ணைத் தாண்டி யாரும் போகவில்லை.

இந்தச் சோதனை எதற்காகப் பிறந்தது என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. 1905இல் பாரிஸில் ஆல்ஃபிரெட் பினே, தியோடர் சிமோன் என்ற இருவர் முதல் அளவுகோலை வெளியிட்டார்கள். வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளில் யாருக்குத் தனி உதவி வேண்டும் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. பிறவியில் வந்த அறிவு இவ்வளவுதான், இனி வளராது என்று முத்திரை குத்துவதை பினே கடுமையாக எதிர்த்தார். அவர் 1911இல் இறந்தார். அடுத்த ஆண்டே ஜெர்மானிய உளவியலாளர் வில்லியம் ஸ்டெர்ன், மன வயதை (எந்த வயதுப் பிள்ளையின் அளவுக்குப் பதில் சொல்கிறான் என்பதை) உண்மை வயதால் வகுக்கும் கணக்கைக் கொண்டுவந்தார். 1916இல் அமெரிக்காவில் லூயிஸ் டெர்மன் ஸ்டான்ஃபர்ட் பினே சோதனையை வெளியிட்டபோது அந்த ஈவை நூறால் பெருக்கும் வழக்கம் நிலைபெற்றது. உதவி தேடப் பிறந்த கருவி தரம் பிரிக்கும் தராசாகிவிட்டது. அமெரிக்காவில் கப்பலிலிருந்து இறங்கிய குடியேறிகளிடம்கூட மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு சோதனை நடத்தி, மந்தபுத்திக்காரர்கள் என்று எழுதிவைத்தார்கள். நம் பையனின் கதை அதற்குத் தூரத்து உறவு.

கோட்பாடுகளுக்குள் நீண்ட தூரம் போக வேண்டியதில்லை. ஆனால் ஒரு தகராறைத் தெரிந்துகொள்வது நல்லது. உளவியலாளர் சார்ல்ஸ் ஸ்பியர்மன் 1904இல், எல்லாத் திறமைகளுக்கும் அடியில் ஒரே பொது அறிவு ஓடுகிறது என்றார். இன்னொரு உளவியலாளர் தர்ஸ்டன் 1938இல் அதை மறுத்து ஏழு அடிப்படைத் திறன்களைப் பிரித்தார். எனக்கு வேலையில் அதிகம் உதவுவது ரேமண்ட் காட்டெலின் பிரிவினை. புதிய சிக்கலை அந்த இடத்திலேயே அவிழ்க்கும் அறிவு ஒன்று. வீடும் பள்ளியும் புத்தகமும் கொடுத்துச் சேர்ந்த அறிவு மற்றொன்று. சொல்வளம் கேட்கும் பகுதி இரண்டாவதை அளக்கிறது. கொடுக்காததைக் கேட்டால் பிள்ளை எங்கிருந்து எடுப்பான்?

கேள்விகளை அங்கேயே தமிழாக்கிக் கேட்டால் ஆயிற்றே என்று சிலர் சொல்கிறார்கள். கேட்கலாம், பிள்ளையைப் புரிந்துகொள்ள உதவும். ஆனால் வேறொரு மொழிப் பிள்ளைகளை வைத்துக் கட்டிய அட்டவணையில் அந்தப் பதிலுக்கு எண் தேடுவது சரியாகாது. ஆகவே அவனுக்கு ரேவன் சோதனையைக் கொடுத்தேன். 1938இல் வந்தது. விடுபட்ட கட்டத்துக்குப் பொருந்தும் வடிவத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பேச்சு அனேகமாகத் தேவையில்லை. (கேள்வி எப்படி இருக்கும் என்று விரிவாக எழுத மாட்டேன். வீட்டில் பயிற்சி கொடுத்துக் கூட்டிவந்தால் சோதனையே கெட்டுவிடும்.) பையன் சராசரியில் வந்தான். ஆனால் முதுகுப் பக்கமிருந்து கூப்பிட்டபோது திரும்பவில்லை. காது மூக்கு தொண்டை நிபுணரிடம் அனுப்பினோம். இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தது.

காதைச் சரிசெய்ததும் வகுப்பில் முதலாவதாக வந்துவிட்டான் என்று நான் எழுதப்போவதில்லை. வாசிப்பில் இன்னும் திணறுகிறான், குறைநீக்கல் வகுப்பில்தான் இருக்கிறான். ஆசிரியை அவனை முன்வரிசையில் உட்கார வைத்திருக்கிறார்.

மறுபக்கமும் உண்டு. சோம்பேறி என்று வீட்டிலும் பள்ளியிலும் திட்டும் அடியும் வாங்கிய ஒரு சிறுமிக்கு, தமிழில் பேசி, வீட்டு நடப்பையும் விசாரித்துப் பார்த்ததில், அறிவுவளர்ச்சியில் உண்மையாகவே குறை இருந்தது. தானாகக் குளிப்பது, கடைக்குப் போய் மீதிச் சில்லறை வாங்கிவருவது போன்ற அன்றாடக் காரியங்களிலும் அவள் பின்தங்கியிருந்தாள். எண் 70க்குக் கீழே போனால் மட்டும் போதாது. இந்த அன்றாடத் திறன்களும் குறைந்திருந்தால்தான் அறிவுவளர்ச்சிக் குறை என்று சொல்ல முடியும். இப்போது அவள் சிறப்புக் கல்வி வகுப்பில் இருக்கிறாள். அடி நின்றுவிட்டது. இதனால்தான் சோதனையே வேண்டாம் என்று சொல்பவர்களோடு என்னால் சேர முடியவில்லை.

எனக்குக் கோபம் வருவது விரல்ரேகைக்காரர்களிடம். பாலர் பள்ளிகளில் மேசை போட்டு, பத்து விரலையும் ஸ்கேன் செய்து, உங்கள் பிள்ளைக்கு இசை அறிவு இத்தனை விழுக்காடு, கணித அறிவு இத்தனை விழுக்காடு என்று வண்ண அறிக்கை கொடுக்கிறார்கள். 1983இல் ஹாவர்ட் கார்ட்னர் முன்வைத்த பல்வகை நுண்ணறிவுக் கோட்பாட்டின் பெயரைத் துணைக்கு இழுக்கிறார்கள். அந்தக் கோட்பாட்டுக்கே ஆய்வாளர்களிடையே நிறைய மறுப்பு உண்டு. அது போகட்டும், விரல்ரேகைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ரேகையை வைத்து அறிவைச் சொல்ல அறிவியல் ஆதாரம் கிடையாது. மிகைநேரம் பார்த்துச் சேர்த்த ரிங்கிட்டை அதில் போடாதீர்கள்.

பள்ளி உங்களைச் சோதனைக்கு அனுப்பினால், முதலில் அரசாங்கக் கிளினிக்கில் கண்ணையும் காதையும் பார்த்துவிடுங்கள். சோதிப்பவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: எந்த மொழியில் நடத்துவீர்கள், சோதனை எந்த ஆண்டுப் பதிப்பு, பகுதி பகுதியாக முடிவைத் தருவீர்களா. பதிப்பைக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல நாடுகளில் தலைமுறைக்குத் தலைமுறை சோதனை எண்கள் ஏறிவந்ததை ஆய்வாளர் ஜேம்ஸ் ஃபிளின் 1980களில் எடுத்துக்காட்டினார். பத்தாண்டுக்கு ஏறத்தாழ மூன்று புள்ளி. பழைய பதிப்பில் பிள்ளையின் எண் உயர்ந்து தெரியும். எந்தப் பதிப்பானாலும் நான்கைந்து புள்ளி மேலே கீழே போவது சகஜம்.

சோதனைக்குக் காலை நேரமாகக் கேட்டு வாங்குங்கள். முந்தின இரவு கல்யாண விருந்து, திருவிழா என்று அலைந்த பிள்ளையைக் கூட்டிவராதீர்கள். கண்ணாடி இருந்தால் மறக்காமல் போட்டுவாருங்கள், வயிற்றுக்கு ஏதாவது கொடுத்துவிடுங்கள். பள்ளிப் பயிற்சிப் புத்தகங்களையும் பழைய மருத்துவ அட்டையையும் எடுத்துவாருங்கள். பிள்ளையிடம் 'மூளை டெஸ்ட்' என்று சொல்லாமல், ஒரு டாக்டரோடு புதிர் போடப் போகிறாய் என்று சொன்னால் போதும். பாட்டி வளர்த்த பிள்ளையானால் பாட்டியும் வரட்டும், அவரிடம் கேட்க எனக்கு நிறைய இருக்கும்.