பேர் ஒண்ணா இருந்தா ஆள் ஒண்ணா?

போன வாரம் மறுபடியும் ஒரு ஃபைல். இந்த மாசத்துல இது நாலாவது. அழகா பிரிண்ட் போட்டு ஃப்ரேம் பண்ற அளவுக்கு ரெடியான வம்சாவளி, ஏழு தலைமுறை, "சும்மா ஒரு தடவை செக் பண்ணிக் குடுங்க, எல்லாம் சரியாத்தான் இருக்கும்"னு ஒரு வரி. இந்த வரி வந்தாலே எனக்கு வயித்துல புளியைக் கரைக்கும்.

நான் பழைய ரெக்கார்டுகளை வச்சு வம்சாவளி சரிபார்த்துக் கொடுக்கிறதை தொழிலா செய்றவன். ஆள் ஆளா பேர் போட்ட பழைய சென்சஸ் தாள் பொதுமக்கள் பார்வைக்கு கிடைக்கிற நாடுகள், அதுலயும் இங்கிலாந்து அமெரிக்கா ஃபைல்தான் எங்கிட்ட அதிகம். அதுல பாதிக்கு மேல நான் பண்ற வேலையே ஒட்டினதைப் பிரிக்கிறதுதான். ஒரே பேர்ல இருந்த ரெண்டு பேரை ஒரே ஆளாக்கி ஒட்டி வச்சிருப்பாங்க.

இந்த ஃபைலைப் பாருங்க. இங்கிலாந்து குடும்பம், குடும்பப் பேர் வேண்டாம், வில்லியம்னு வச்சுக்குவோம். 1851 சென்சஸ்ல வில்லியம், வயசு 34, கொல்லர், மனைவி மேரி 33, பையன் தாமஸ் 9, பொண்ணு ஆன் 6. அப்புறம் 1861. வில்லியம், 41, தச்சர், மனைவி மேரி 38, பையன் தாமஸ் 12. ரெண்டையும் ஒரே குடும்பம்னு கோடு போட்டு கிளையன்ட் இணைச்சிருக்கார். பத்து வருஷத்துல அப்பாவுக்கு ஏழு வயசு, அம்மாவுக்கு அஞ்சு, பையனுக்கு மூணுதான் கூடியிருக்கு, ஆனா யாருக்கும் சந்தேகம் வரல. கேட்டா, "அந்தக் காலத்துல வயசெல்லாம் குத்துமதிப்பா சொல்லுவாங்க சார்." சரி, ஆன் எங்க? "கல்யாணமாகிப் போயிருப்பா." கொல்லர் எப்படி தச்சர் ஆனார்? "வேலை மாறியிருப்பார்." தாமஸ்? "மூத்தவன் செத்துப் போயிருப்பான், அடுத்த பையனுக்கு அதே பேர் வச்சிருப்பாங்க, அப்படி ஒரு வழக்கம் இருந்துச்சுன்னு படிச்சேன்."

வழக்கம் இருந்தது உண்மைதான். ஆனா 1861ல 12 வயசுன்னா அந்தப் பையன் பிறந்தது 1849 வாக்குல. 1851ல மூத்த தாமஸ் 9 வயசுல உயிரோட வீட்டுல உக்காந்திருக்கான். உயிரோட இருக்கிற பிள்ளையோட பேரை எடுத்து அடுத்த பிள்ளைக்கு வைப்பாங்களா? அதை விடுங்க, 1851ல ரெண்டு வயசா இருந்திருக்க வேண்டிய அந்தக் குழந்தை இந்த வீட்டுலயே இல்லையே. மூணு பேரிஷ் (சர்ச் வட்டாரம்) தள்ளி இன்னொரு வீட்டுல இருக்கு, வில்லியம் 31, தச்சர், மனைவி மேரி 28, பையன் தாமஸ் 2. எல்லாம் டாண்ணு பொருந்துது.

ரெண்டு வில்லியமும் பெரியப்பா சித்தப்பா பசங்க. ரெண்டு அப்பாக்களும் தங்களோட அப்பா பேரையே மகனுக்கு வச்சுட்டாங்க, அவ்வளவுதான் மர்மம். தாத்தா பேரைத் தாங்குறவன்தான் பேரன்னு வார்த்தையே வச்சிருக்கிற நமக்கு இதைப் போய் விளக்கணுமா?

அப்போ நம்ம கொல்லர் 1861ல எங்க? அதே பழைய பேரிஷ்ல மேரி, 43, குடும்பத் தலைவி, விதவை, கூட தாமஸ் 19, கொல்லர். கொல்லர் 1855லயே போயிட்டார், இறப்பு சர்டிஃபிகேட்ல வயசு 38, தொழில் கொல்லர், தகவல் சொன்னது மனைவி மேரி. ஃபைல்ல அவர் 1891 வரைக்கும் தச்சு வேலை பார்த்துட்டு இருக்கார். மனுஷனை 36 வருஷம் கூடுதலா வாழ வச்சுட்டாங்க. தாமஸோட கல்யாண சர்டிஃபிகேட் ஆரம்பத்துல இருந்தே கிளையன்ட் கையில இருந்தது, அதுல அப்பா பேருக்குப் பக்கத்துலயே தொழில் கொல்லர், காலமானவர்னு எழுதியிருக்கு. யாரும் படிக்கல. இதனால ஒரு ஆள் தப்பாறதோட முடியல, தச்சரோட அம்மா வழியில மூணு தலைமுறை ஏறிப் போயிருக்காங்க, அதுல ஒரு சொட்டு ரத்தம்கூட இவங்களுது இல்ல.

எனக்கு ரொம்ப எரிச்சல் வர்ற பேச்சு எதுன்னா, "தேடினேன் சார், அந்தப் பேர்ல ஒருத்தர்தான் வந்தார், அதனால அவர்தான்." ஒருத்தர்தான் *வந்தார்*. ஒருத்தர்தான் *இருந்தார்*னு அர்த்தமில்ல. நீங்க தேடுறது சென்சஸை இல்லைங்க, யாரோ ஒருத்தர் பழைய கையெழுத்தைப் பார்த்து டைப் பண்ணின இண்டெக்ஸை. அந்தக் கையெழுத்தும் குடும்பத்துக்காரர் எழுதினது கிடையாது, வீட்டுல நிரப்பின படிவத்தை எனுமரேட்டர், அதாவது கணக்கெடுக்க வந்தவர், வாங்கிட்டுப் போய் புத்தகத்துல காப்பி பண்ணது, அதுதான் நம்ம கைக்கு வந்திருக்கு. இங்கிலாந்துல குடும்பத்துக்காரங்களே நிரப்பின தாளை நாம பார்க்கிறது 1911ல இருந்துதான். ஆக காப்பிக்கு மேல காப்பி, ஒவ்வொரு படியிலயும் ஒரு எழுத்து மாறினா போதும், உங்க ஆள் தேடல்ல வரவே மாட்டார், பக்கத்து ஊர்ல அதே பேர்ல இருக்கிறவர் ஜம்முனு வந்து நிப்பார். சில ஆஸ்பத்திரி, ஜெயில் லிஸ்ட்ல வெறும் இனிஷியல்தான் இருக்கும். சில பக்கமே தொலைஞ்சு போச்சு. அதனால ஒருத்தர்தான் வந்தார்னா எனக்கு சந்தேகம் கூடுமே தவிர குறையாது. வயசு தப்பு, தொழில் மாறிடுச்சு, பொண்ணு போயிட்டான்னு அஞ்சு சாக்கு சொல்லத் தயாரா இருக்கிறவங்க, இது வேற ஆளா இருக்குமோன்னு ஒரு தடவை யோசிக்க மாட்டேங்கிறாங்க.

இதைப் பிரிக்க நான் பிடிக்கிற முதல் நூல் அந்த ஒரு ராத்திரிதான். இங்கிலாந்து சென்சஸ் குறிப்பிட்ட ஒரு ராத்திரி யார் எந்த வீட்டுல தங்கினாங்கன்னு எடுத்தது, 1851க்கு மார்ச் 30. அந்த ஒரே ராத்திரியில ரெண்டு வில்லியம் ரெண்டு வீட்டுல இருந்தா ரெண்டு ஆள், இதுக்கு மேல வாதமே கிடையாது. அதனால உங்க ஆளை மட்டும் தேடாதீங்க, அந்த வட்டாரத்துல அந்தப் பேர்ல இருக்கிற எல்லாரையும் எழுதுங்க, ஒவ்வொருத்தரையும் அடுத்தடுத்த சென்சஸ்ல சாகுற வரைக்கும் துரத்துங்க. போரடிக்கும்தான். ஆனா மத்தவங்களுக்கெல்லாம் கணக்கு தீர்ந்தப்புறம் மிச்சம் நிக்கிறவர்தான் உங்க ஆள்.

ரெண்டு மேரியையும் பிரிக்கணுமா? இங்கிலாந்து பிறப்புப் பதிவு 1837 ஜூலையில ஆரம்பிச்சது, அரசு பதிவு அலுவலகத்தோட ஆன்லைன் இண்டெக்ஸ்ல அம்மா பிறந்த குடும்பத்தோட பேரும் இருக்கு. ரெண்டு தாமஸுக்கும் போட்டுப் பார்த்தேன், வேற வேற பேர். பத்து நிமிஷ வேலை.

1841 சென்சஸை வச்சு மட்டும் அப்பா மகன் கோடு போட்டுடாதீங்க, ப்ளீஸ். அதுல உறவுமுறையே எழுதல. 15 வயசுக்கு மேல இருக்கிறவங்க வயசை அஞ்சின் மடங்குக்கு குறைச்சு எழுதச் சொல்லியிருந்தாங்க, அதனால 20னு இருந்தா 24 ஆகவும் இருக்கலாம். ஒரே வீட்டுல வில்லியம் 45, வில்லியம் 20னா சித்தப்பாவும் அண்ணன் மகனுமா இருக்கலாம்.

அதே மாதிரிதான் சீனியர், ஜூனியர். அப்பா மகன்னே எல்லாரும் நினைச்சுக்கறாங்க. அந்தக் காலத்துல ஒரே ஊர்ல ஒரே பேர்ல மூத்தவர், இளையவர்னு அடையாளம் சொல்லவும் அதைத்தான் போட்டாங்க, சொந்தமே இல்லாம கூட இருப்பாங்க. சீனியர் செத்ததும் ஜூனியர் சீனியர் ஆயிடுவார், மூணாவது ஆள் ஜூனியர் ஆவார். சன்-இன்-லான்னு எழுதியிருந்தா மருமகன்னு குதிக்காதீங்க, மனைவியோட முதல் கல்யாணத்துப் பையனா இருக்கலாம்.

அமெரிக்கா பக்கம் போறவங்களுக்கு, 1850க்கு முன்னாடி குடும்பத் தலைவர் பேர் மட்டும்தான் இருக்கும், உறவுமுறை வந்தது 1880ல. 1890 சென்சஸ் 1921 தீ விபத்துக்கப்புறம் கிட்டத்தட்ட மொத்தமா போச்சு, அதனால 1880லேருந்து 1900க்கு இருபது வருஷம் ஒரே தாவல், பையன் அப்பாவா மாறியிருப்பான், பேரும் அதேவா இருக்கும், அதிகமா கோட்டை விடுறது இந்த இடத்துலதான். 1900ல பிறந்த மாசம், வருஷம், கல்யாணமாகி எத்தனை வருஷம்னு இருக்கு, முதல்ல அதைப் போய்ப் பாருங்க.

டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தா தெரிஞ்சிடாதான்னு கேட்கிறவங்களுக்கு, ரெண்டு வில்லியமும் ஒரே தாத்தாவோட பேரன்ங்க. நீங்க எவர் வழியில வந்திருந்தாலும் அடுத்தவர் வழி ஆட்களோட மேட்ச் வரலாம். அந்த மேட்சைக் காட்டித்தான் இந்த கிளையன்ட்டும் என்கிட்ட சண்டை போட்டார்.

இன்னொண்ணு, அடுத்தவங்க ஆன்லைன்ல போட்ட குடும்ப மரத்துலேருந்து (வம்சாவளிதான்) காப்பி அடிக்காதீங்க. வம்சாவளி வெப்சைட் காட்டுற ஹின்ட் ஒரு யூகம், அதுக்கு மேல மதிப்பு கிடையாது. ஒரிஜினல் பக்கத்தோட படத்தைத் திறங்க, முன் பக்கம் பின் பக்கம் புரட்டுங்க, பக்கத்து வீட்டுல யார்னு பாருங்க, மனைவியோட அண்ணன் தம்பி அங்கயே இருப்பான் பல நேரம்.

கிளையன்ட் கடைசியில ஒத்துக்கிட்டார், ஃப்ரேமைக் கழட்டிட்டேன்னு மெசேஜ் போட்டார். அதுக்குள்ள அவர் மரத்தை 11 பேர் காப்பி எடுத்து வச்சிருக்காங்க. நான் எல்லாருக்கும் எழுதினேன், சர்டிஃபிகேட் படத்தோட. ரெண்டு பேர் திருத்தினாங்க. ஒருத்தர் மட்டும் பதில் போட்டார், "ஆனா எல்லா மரத்துலயும் தச்சர்னுதானே இருக்கு?"