காசநோயாளிக்கு மாதம் 1,000 ரூபாய்: யாருக்கு, எப்படி, எதற்காக

காசநோய் உறுதியாகி அரசுப் பதிவில் ஏறிய ஒவ்வொருவருக்கும், சிகிச்சை நடக்கும் காலம் முழுவதும் சத்தான உணவுக்காக மத்திய அரசு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. திட்டத்தின் பெயர் நிக்ஷய் போஷண் யோஜனா. 2018 ஏப்ரலில் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கி, 2024 நவம்பர் 1 முதல் 1,000 ரூபாயாக உயர்ந்தது. வருமான வரம்பு கிடையாது. வயது வரம்பும் கிடையாது. தனியார் டாக்டரிடம் சிகிச்சை எடுப்பவருக்கும் உண்டு. இந்தக் கடைசி விஷயம் பலருக்கும் தெரிவதில்லை. தனியார் கிளினிக்கில் மருந்து வாங்கிக்கொண்டு, அரசு உதவி நமக்குக் கிடையாது என்று நினைத்தே பல குடும்பங்கள் கேட்காமல் விட்டுவிடுகின்றன.

கேட்கலாம், கேட்கவும் வேண்டும். இந்தியாவில் 2012 மே மாதத்திலிருந்து காசநோய் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய். நோயைக் கண்டுபிடிக்கும் டாக்டரோ லேபோ ஆஸ்பத்திரியோ, அரசானாலும் தனியாரானாலும், நிக்ஷய் என்ற இணையப் பதிவில் நோயாளியின் விவரத்தை ஏற்ற வேண்டும். ஏற்றியதும் ஒரு எண் கிடைக்கும். அதை நிக்ஷய் ஐ.டி. என்பார்கள். பணம், மாத்திரை, பரிசோதனை எல்லாம் அந்த எண்ணை ஒட்டித்தான் நடக்கும். ஆகவே டாக்டர் "டி.பி. இருக்கிறது" என்று சொன்ன அன்றே கேட்க வேண்டிய கேள்வி: "என் பெயரை நிக்ஷய்யில் பதிந்துவிட்டீர்களா, நம்பர் என்ன?" தனியார் டாக்டர் பதிவு செய்தால் அவருக்கே அரசு 500 ரூபாய் ஊக்கத்தொகை தருகிறது. தயங்காமல் கேட்கலாம்.

பணம் எப்படி வரும்?

மாதாமாதம் வராது. குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. வழக்கமான காசநோய்க்கு சிகிச்சை 6 மாதம், மொத்தம் 6,000 ரூபாய். அது இரண்டு தவணையாக வரும். நோய் உறுதியானதும் முன்பணமாக 3,000. சிகிச்சை தொடங்கி 84 நாள் முடிந்ததும் இன்னொரு 3,000. சிகிச்சை 6 மாதத்தைத் தாண்டினால், அப்புறம் மாதத்துக்கு 1,000 வீதம் சேரும். முதல் மாதம் 3,000 வந்துவிட்டு அடுத்த இரண்டு மாதம் எதுவும் வரவில்லையே என்று பதறத் தேவையில்லை.

பணம் நேராக வங்கிக் கணக்குக்குப் போகும். கையில் யாரும் தர மாட்டார்கள், யாருக்கும் கமிஷன் கொடுக்க வேண்டியதும் இல்லை. நோயாளிக்குச் சொந்தக் கணக்கு இல்லாவிட்டால் ரத்த உறவுள்ள ஒருவரின் கணக்கைச் சம்மதக் கடிதத்தோடு கொடுக்கலாம். குழந்தைகளுக்குத் தாய் அல்லது தந்தையின் கணக்கு. ஆதார் அட்டை நகலும் பாஸ்புக்கின் முதல் பக்க நகலும் போதும்.

பணம் நின்றுபோவது பெரும்பாலும் சின்னக் காரணங்களால்தான். பல வருடமாக எடுக்காமலும் போடாமலும் கிடந்து முடங்கிய கணக்கு, ஆதாரில் ஒரு மாதிரியும் பாஸ்புக்கில் வேறு மாதிரியும் இருக்கும் பெயர், இரண்டு வங்கி ஒன்றாகச் சேர்ந்தபின் மாறிப்போன ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு, இப்படி ஏதாவது ஒன்று. பாஸ்புக்கைக் கொடுக்கும் முன் வங்கிக்குப் போய் ஒரு 100 ரூபாய் போட்டுப் பார்த்து, கணக்கு உயிரோடு இருக்கிறதா, ஆதார் இணைந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

மாத்திரை போதாதா, சாப்பாட்டுக்கு எதற்குப் பணம்?

இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க உலகத்துக்கு அறுபது வருடத்துக்கு மேல் ஆனது. அந்தக் கதை தொடங்குவது சென்னை சேத்துப்பட்டில்.

1950-கள் வரை காசநோய் என்றால் சானட்டோரியம். தாம்பரத்தில் இருந்ததைப் போன்ற இடங்களில் மாதக்கணக்கில் படுக்கை, ஓய்வு, நல்ல காற்று, பாலும் முட்டையுமாக நல்ல சாப்பாடு. நாட்டில் இருந்த நோயாளிகளின் எண்ணிக்கைக்கு அந்தப் படுக்கைகள் எந்த மூலைக்கும் போதாது. 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து சேத்துப்பட்டில் ஒரு மையம் அமைத்து ஓர் ஆய்வைத் தொடங்கின. சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரைச் சானட்டோரியத்தில் சேர்த்தார்கள். மற்றவர்களுக்கு அதே மாத்திரைகளைக் கொடுத்து, அவரவர் நெரிசலான வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு ஓய்வும் குறைவு, சாப்பாடும் மட்டம். ஆனாலும் ஒரு வருட முடிவில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் குணமாகியிருந்தது. வீட்டில் வைத்துச் சிகிச்சை கொடுத்ததால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. 1959-ல் முடிவு வெளியானது. உலகம் முழுவதும் சானட்டோரியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டு, காசநோய் வீட்டிலிருந்தபடியே குணப்படுத்தக்கூடிய நோயானதில் இந்த ஆய்வுக்குப் பெரும் பங்கு உண்டு.

மகத்தான கண்டுபிடிப்புதான். ஆனால் அதோடு இன்னொரு எண்ணமும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது: மருந்து இருந்தால் போதும், தட்டில் என்ன இருக்கிறது என்பது பெரிய விஷயமில்லை. பல பத்தாண்டுகள் திட்டங்கள் அப்படியேதான் நடந்தன. மாத்திரை கொடுத்தார்கள், எதிரில் நிறுத்தி விழுங்க வைத்தார்கள். அவர் சாப்பிட்டாரா என்று கேட்க ஆளில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்ட ஆய்வு 2019-ல் ஜார்க்கண்டில் தொடங்கியது. மருத்துவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா இருவரும் நடத்திய அந்த ஆய்வில் சேத்துப்பட்டு மையமும் பங்கேற்றது. அதன் இன்றைய பெயர் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். 2,800 நோயாளிகள், அவர்கள் வீடுகளில் வாழ்ந்த 10,345 பேர். நோயாளிகளில் ஐந்தில் நான்கு பேர் இருக்க வேண்டிய எடையைவிடக் குறைவு. எல்லா நோயாளிகளுக்கும் மாதாமாதம் அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய், வைட்டமின் மாத்திரை கொடுத்தார்கள். ஒரு பகுதிக் குடும்பங்களில் மட்டும் வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் தலைக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் போனது.

2023-ல் முடிவு வந்தது. உணவு கிடைத்த குடும்பங்களில், நோயாளியோடு வாழ்பவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது சுமார் 39 சதவீதம் குறைந்தது. தடுப்பூசி அல்ல, புது மருந்து அல்ல, வெறும் அரிசியும் பருப்பும். நோயாளிகள் விஷயத்தில் கண்டது இன்னும் முக்கியம்: முதல் இரண்டு மாதத்தில் உடல் எடை 5 சதவீதம் கூடியவர்களுக்கு இறக்கும் ஆபத்து 61 சதவீதம் குறைவாக இருந்தது. 40 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 5 சதவீதம் என்றால் 2 கிலோ.

இரண்டு கிலோதான். அந்த இரண்டு கிலோவுக்காகத்தான் இந்தப் பணம். முதல் தவணையை முன்பணமாகத் தருவதும் நியாயமே, ஏனென்றால் எடை ஏற வேண்டியது முதல் இரண்டு மாதத்தில். அந்த 3,000 ரூபாய் வட்டிக்கும் வாடகைக்கும் போய்விடுவது எவ்வளவு சுலபம் என்பது தெரியும். வேலைக்குப் போக முடியாமல் படுத்த வீட்டில் எந்தக் கடன் முதலில் கழுத்தைப் பிடிக்கும் என்று வெளியிலிருந்து சொல்வது எளிது. ஆனாலும் முடிந்த அளவு அதை முட்டையாகவும் பருப்பாகவும் வேர்க்கடலையாகவும் மாற்றுங்கள். நாளுக்குக் கணக்குப் போட்டால் 33 ரூபாய். அது முழுச் சாப்பாடு ஆகாது. ரேஷன் அரிசிச் சோற்றுக்கு மேல் முட்டையும் ஒரு கைப்பிடி கடலையும் சேர்க்க உதவும். என்னைக் கேட்டால் இந்தத் தொகை இன்னும் கூட வேண்டும், குடும்பத்தாரின் உணவுக்கும் சேர்த்துக் கூட வேண்டும். ஜார்க்கண்ட் ஆய்வு சொல்வதும் அதுதான்.

எடை மிகக் குறைந்தவர்களுக்கு இதற்கு மேலும் ஏற்பாடு உண்டு. உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடும் பி.எம்.ஐ. 18.5-க்குக் கீழே இருந்தால் (160 செ.மீ. உயரமானவர் 47 கிலோவுக்குக் கீழே என்று வைத்துக்கொள்ளலாம்), முதல் இரண்டு மாதத்துக்குச் சத்து மிகுந்த கூடுதல் உணவு தரவும் அரசு முடிவு செய்திருக்கிறது. 2022 செப்டம்பர் முதல் நிக்ஷய் மித்ரா என்ற ஏற்பாடும் நடக்கிறது. தனிநபரோ நிறுவனமோ ஒரு நோயாளியைப் பொறுப்பேற்று மாதாமாதம் உணவுப் பை தரலாம். இது உரிமைத்தொகை அல்ல, முன்வருபவர் இருந்தால் கிடைக்கும். பணம் வாங்குபவரும் இதைப் பெறலாம்.

தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' தனியாகச் சொல்லத்தக்கது. நோய் உறுதியான உடனே அரசு மையத்தில் நோயாளியின் எடை, மூச்சு வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, துணையில்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்பவற்றைப் பார்ப்பார்கள். பி.எம்.ஐ. 14 அல்லது அதற்குக் கீழே இருந்தாலோ, ஆக்சிஜன் 94 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலோ, எழுந்து நிற்க முடியாவிட்டாலோ ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்வார்கள். வேண்டாம் என்று வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். காசநோய்ச் சாவுகளில் பெரும்பகுதி சிகிச்சை தொடங்கிய முதல் சில வாரங்களில் நேர்கிறது. உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை உள்ள குடும்பமானால் நோய்க்காலத்துக்கு மாநில அரசின் உதவியும் உண்டா என்று தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் கேளுங்கள்.

பணம் வருவதோடு, சிகிச்சைக்கு வேண்டிய மற்ற எல்லாமும் இலவசம். சளிப் பரிசோதனை, எக்ஸ்ரே, மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியா என்று சில மணி நேரத்தில் காட்டும் சி.பி.நாட் அல்லது ட்ரூநாட் பரிசோதனை, சர்க்கரை, எச்.ஐ.வி. பரிசோதனை, முழு மருந்து, எல்லாம். மருந்து தினமும், உடல் எடைக்கு ஏற்றபடி. 35 முதல் 49 கிலோ வரை உள்ளவருக்கு நாளுக்கு 3 மாத்திரை, 50 முதல் 64 கிலோ வரை 4, அதற்கு மேல் இன்னும் கூடும். முதல் இரண்டு மாதம் ஒரே மாத்திரையில் நான்கு மருந்து இருக்கும், அடுத்த நான்கு மாதம் மூன்று.

முதல் மாத்திரை போட்ட அன்றே சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். ரத்தம் என்று பயந்து மாத்திரையை நிறுத்துபவர்கள் உண்டு. ரிஃபாம்பிசின் என்ற மருந்தின் நிறம் அது, ஆபத்தில்லை. கண் மஞ்சளானாலோ, பார்வை மங்கினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ அன்றே டாக்டரைப் பாருங்கள். எந்த மருந்தை நிறுத்துவது என்று அவர்தான் சொல்ல வேண்டும். மதுவை அந்த 6 மாதமும் அறவே விட வேண்டும், கல்லீரல் ஏற்கெனவே இந்த மருந்துகளின் சுமையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது மாதத்தில் இருமல் நின்று, பசி திரும்பி, உடம்பு தேறிவிடும். அங்கேதான் பலர் மருந்தை விடுகிறார்கள். கிருமி அப்போது முழுதாகச் சாகவில்லை. விட்டுத் திரும்ப வந்தால் சாதாரண மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாக வரலாம். அதற்கும் இப்போது 6 மாத மாத்திரைச் சிகிச்சை வந்திருக்கிறது. 2024-ல் இந்தியா அதை ஏற்றுக்கொண்டது. அதற்கு முன் ஒன்றரை வருடத்துக்கு மேலும் இழுத்த நோய் அது. புதிய சிகிச்சையும் இலவசம்தான். ஆனால் அந்த மருந்துகள் கடுமையானவை, அடிக்கடி ரத்தப் பரிசோதனையும் இ.சி.ஜி.யும் வேண்டியிருக்கும்.

வீட்டில் உள்ளவர்களுக்கும் ஓர் உரிமை இருக்கிறது. நோயாளியோடு ஒரே வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் இலவசப் பரிசோதனை. நோய் இல்லை என்றால், வராமல் தடுக்க மாத்திரை. அது 6 மாதம் தினமும் போடுவதாகவோ, வாரம் ஒரு முறை வீதம் 12 வாரம் போடுவதாகவோ இருக்கும். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால் இதை ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள். தட்டு, டம்ளர் தனியாக வைக்கத் தேவையில்லை. காற்றில் பரவும் நோய் இது, எச்சில் தட்டில் பரவுவதில்லை. ஜன்னலைத் திறந்து வைப்பதும், முதல் சில வாரம் நோயாளி மாஸ்க் போடுவதும்தான் உதவும்.

உலக அளவில் 2024-ல் 1.07 கோடிப் பேருக்குக் காசநோய் வந்தது, 12.3 லட்சம் பேர் இறந்தார்கள். நோயாளிகளில் நால்வரில் ஒருவர் இந்தியாவில். 2030-க்குள் இறப்பை 90 சதவீதம் குறைப்பது உலக சுகாதார நிறுவனத்தின் குறிக்கோள். இந்தியா அதைவிட வேகமாக, 2025-க்குள்ளேயே ஒழிப்போம் என்றது. நடந்தது என்னவென்றால், 2015-ல் லட்சம் பேரில் 237 பேருக்கு வந்த நோய் 2024-ல் 187 பேருக்கு வந்தது. குறைவுதான், ஆனால் சொன்ன இலக்குக்குப் பக்கத்தில்கூட இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் குறிக்கோள்களில் பெரிதாகப் பேசப்படாத ஒன்று உண்டு: காசநோயால் எந்தக் குடும்பமும் பேரிழப்புச் செலவில் விழக்கூடாது. குடும்ப வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இந்த நோய்க்குப் போனால் அது பேரிழப்பு என்பது கணக்கு. மருந்து இலவசமாக இருந்தும் கூலி போவதாலும் பஸ் செலவாலும் அந்தக் கோட்டைத் தாண்டும் குடும்பங்கள் ஏராளம். அவர்களுக்கு 6,000 ரூபாய் என்பது மிகச் சிறிய தாங்கல், அதுவும் நேரத்துக்கு வந்தால்தான்.

வராவிட்டால் முதலில் மாத்திரை வாங்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில், காசநோய்ப் பிரிவின் சிகிச்சை மேற்பார்வையாளரைப் பாருங்கள். எஸ்.டி.எஸ். என்று கேட்டால் காட்டுவார்கள். நிக்ஷய் ஐ.டி.யைச் சொல்லி, பணம் அனுப்பப்பட்டதா, வங்கி திருப்பி அனுப்பிவிட்டதா, கணக்கு விவரமே ஏறவில்லையா என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். "வரும்" என்ற பதிலோடு திரும்பாதீர்கள். அங்கே தீராவிட்டால் மாவட்டக் காசநோய் அலுவலகம். போனிலேயே கேட்க வேண்டுமானால் 1800-11-6666, கட்டணமில்லாத எண். சிகிச்சை முடிந்துவிட்டது, பணம் வரவேயில்லை என்றாலும் கேட்டுப் பாருங்கள், பதிவு இருக்கும்வரை கேட்பதற்கு இடம் இருக்கிறது.