வண்ண இ-ரீடர் வாங்கும் முன் அதன் விளக்கை அணைத்துப் பாருங்கள்

மின்னூல் வடிவமைப்பு என் தொழில். படக்கதையோ பாடநூலோ, பதிப்பாளருக்கு அனுப்பும் முன், மின்னூல் படிக்கும் கருவியான இ-ரீடரின் வண்ண இ-இங்க் (மின்மை) திரையில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுவேன். லேப்டாப்பில் பளிச்சென்று இருந்த அட்டைப்படம் அதில் வெயிலில் காய்ந்த சுவரொட்டி போல வெளிறித் தெரியும். புதிதாக வாங்கியவர்கள் பலர் இதைப் பழுது என்றே நினைக்கிறார்கள். பழுதில்லை, அந்தத் திரையின் இயல்பே அதுதான்.

2024இல் வந்த கின்டில் கலர்சாஃப்ட், கோபோ லிப்ரா கலர் என்ற இரண்டு இ-ரீடர்களிலும் இருப்பது இ-இங்க் நிறுவனத்தின் கலைடோ வகைத் திரை. அடியில் வழக்கமான கறுப்பு வெள்ளைத் திரை. அதன்மேல் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள். இது தானாக ஒளிரும் திரை அல்ல. அறை வெளிச்சமோ, கருவியிலேயே உள்ள திரை விளக்கின் வெளிச்சமோ மேலே விழுந்து, உள்ளே போய்த் திரும்பி வர வேண்டும். போகும்போதும் வரும்போதும் வடிகட்டி அதில் ஒரு பகுதியை விழுங்கிவிடுகிறது. அதனால்தான் வெள்ளைப் பக்கம் சாம்பல் பூத்துத் தெரிகிறது, கறுப்பு எழுத்தின் எடுப்பும் குறைகிறது.

சிவப்பைப் பாருங்கள். சிவப்பு வடிகட்டியின் கீழுள்ள புள்ளிகள் மட்டும் வெள்ளையாக நிற்கும். மற்ற இரண்டின் கீழுள்ளவை கறுத்துவிடும். அதாவது மூன்றில் இரண்டு பங்கு இடம் இருட்டு. குங்குமச் சிவப்பு செங்கல் நிறமாவது இப்படித்தான். கறுப்பு எழுத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் கிடைக்கின்றன, வண்ணத்துக்கு 150தான். சிறிய எழுத்தைச் சிவப்பில் வைத்தால் ‘ண’வின் சுழிகள் அடைபடும், மெய்யெழுத்தின் புள்ளி மங்கி ‘க்’ என்பது ‘க’ போலத் தெரியும். ஒவ்வொரு நிறத்திலும் 16 படிகள், மொத்தம் 4,096 வண்ணங்கள். வானம் மெல்ல வெளுக்கும் ஓவியத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுவது அதனால்.

கேலரி 3 என்று வேறொரு வகை இ-இங்க் திரையும் உண்டு. அதில் வடிகட்டி இல்லை, மையிலேயே வண்ணத் துகள்கள். வண்ணமும் 300 புள்ளியில் வரும். ஆனால் நல்ல தரத்தில் ஒரு பக்கம் மாற ஒன்றரை நொடி வரை ஆகும்.

சரி, வாங்கலாமா? காமிக்ஸ், வரைபடம், பல நிறத்தில் அடிக்கோடிடும் பழக்கம் என்றால் தாராளமாக வாங்கலாம். நாவலும் கட்டுரையும் மட்டும் என்றால் கறுப்பு வெள்ளையே மேல். வயதான அப்பா அம்மாவுக்கு வாங்குகிறவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். வயதானால் மங்கலான வேறுபாடுகளைக் கண் பிரித்தறிவது குறையும், கண்புரை இருந்தால் இன்னும் சிரமம். திரை விளக்கை அணைத்துவிட்டு, அவர்கள் வழக்கமாக உட்கார்ந்து படிக்கும் வெளிச்சத்தில் ஒரு பக்கம் படிக்கச் சொல்லிப் பாருங்கள்.

பதிப்பாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். வரைபடத்தில் சிவப்புக் கோடு, பழுப்புக் கோடு என்று நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். இந்தத் திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்றைப் புள்ளிக்கோடாக்கி, பெயரைக் கோட்டின் மேலேயே கறுப்பில் எழுதிவிடுங்கள்.