பெட்டி பளபளக்கிறது, சரி. உள்ளே என்ன இருக்கிறது?

புதிதாக வாங்கிய சினிமா டிஸ்க்கை (டிவிடியோ ப்ளூ-ரேயோ) போட்டோ எடுத்து அனுப்பி, "இது சேர்த்து வைக்கத் தகுந்ததா?" என்று கேட்பவர்கள் எனக்கு நிறைய. போட்டோவில் இருப்பது எப்போதும் பெட்டிதான். ஸ்டீல்புக் என்னும் தகரப் பெட்டி, அதன் மேல் ஒரு வழவழப்பான உறை, ஓரத்தில் 'லிமிடெட் எடிஷன்' என்று ஓர் எண். எனக்கு வேண்டிய தகவல் எதுவும் அதில் இருக்காது. பழைய படச்சுருள்களை ஸ்கேன் செய்து, தூசியும் கீறலும் எடுத்து, வீட்டு வெளியீட்டுக்கான மாஸ்டரை, அதாவது மூலப் பிரதியை, தயார் செய்வதுதான் என் தொழில். ஒரு டிஸ்க் நல்லதா கெட்டதா என்பது அந்த வேலை நடக்கும் மேஜையிலேயே முடிவாகிவிடுகிறது. பெட்டி அப்புறம் வருகிற சமாச்சாரம்.

நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான். இந்த டிஸ்க்கை விட்டால் வேறெங்கும் கிடைக்காத ஏதாவது இதில் இருக்கிறதா? நல்ல ஸ்கேனாக இருக்கலாம், முதலில் ஓடிய ஒலித்தடமாக இருக்கலாம், தியேட்டரில் வந்த வெட்டாக, அதாவது எடிட் செய்த வடிவமாக இருக்கலாம். இருந்தால் அட்டைப் பெட்டியில் வந்தாலும் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் வெள்ளிப் பெட்டியில் வந்தாலும் அது அலமாரிக்கு அழகு, அவ்வளவுதான்.

முதலில் பார்க்க வேண்டியது, எதிலிருந்து ஸ்கேன் செய்தார்கள் என்பது. கேமராவில் ஓடிய ஒரிஜினல் நெகடிவ், அதிலிருந்து எடுத்த இன்டர்பாசிடிவ், அதிலிருந்து இன்டர்நெகடிவ், கடைசியில் தியேட்டர் பிரிண்ட். ஒவ்வொரு படி இறங்கும்போதும் நுணுக்கம் கொஞ்சம் கழிகிறது, கான்ட்ராஸ்ட் ஏறுகிறது. ஓடித் தேய்ந்த பிரிண்டை 4கேயில், அதாவது குறுக்கே சுமார் நாலாயிரம் புள்ளி நுணுக்கத்தில், ஸ்கேன் செய்தால் தேய்மானம்தான் 4கேயில் தெரியும். உறையில் '4கே ரெஸ்டோரேஷன்' என்று மட்டும் போட்டு, மூலம் என்ன என்று ஒரு வரிகூடச் சொல்லாத வெளியீட்டை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். நெகடிவிலிருந்து செய்தவர்கள் அதைச் சொல்லாமல் விடுவது அபூர்வம்.

இதற்காக நெகடிவ் இல்லாத படமெல்லாம் மட்டம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சத்யஜித் ராய் 'பதேர் பாஞ்சாலி'யில் தொடங்கி அப்பு என்பவனை வைத்து எடுத்த மூன்று படங்களுக்கு நேர்ந்தது தெரிந்திருக்கும். 1993இல் லண்டனில் ஒரு லேப்பில் பிடித்த தீயில் ராயின் நெகடிவ்கள் கருகின. எரிந்து சுருங்கிய சுருள்களைத் தூக்கி எறியாமல் ஒரு ஆவணக்காப்பகம் வைத்திருந்தது. பல ஆண்டுகள் கழித்து இத்தாலியின் பொலோனா நகரில் அவற்றை ஈரப்பதமூட்டி, பிரித்து, ஓரத்துளைகளைக் கையால் சீர்செய்து ஸ்கேன் செய்தார்கள். முதல் இரண்டு படங்களில் தேறிய பகுதிகள் நெகடிவிலிருந்தே வந்தன. தேறாத இடங்களுக்கும், மூன்றாவது படத்துக்கும் அடுத்த தலைமுறைப் பிரதிகள் கைகொடுத்தன. 2015இல் வெளிவந்தபோது இதை மறைக்காமல் சொன்னார்கள். எங்கே எதைப் பயன்படுத்தினோம் என்று சொல்கிற நிறுவனத்தை நம்பி வாங்கலாம்.

இனி கிரெய்ன், அதாவது ஃபிலிம் படத்தில் மணல்போல் தெரியும் புள்ளிகள். என்னிடம் வரும் சண்டைகளில் பாதி இதைப் பற்றித்தான்.

ஃபிலிமில் படம் என்பதே வெள்ளித் துகள்களால் ஆனது. வண்ணச் சுருளில் அந்தத் துகள்கள் போய், அவை இருந்த இடத்தில் சாயம் நிற்கிறது. கிரெய்ன் என்பது படத்தின் மேல் ஒட்டிய அழுக்கு கிடையாது, படம் அதனால்தான் ஆகியிருக்கிறது. அதை அழித்தால் கூடவே தோலின் மயிர்த்துளை, துணியின் நெசவு, தூரத்து மரத்தின் இலை எல்லாம் போகும். ஆனால் பெரிய டிவி வாங்கியவர் பலருக்குக் கிரெய்னைப் பார்த்தால் 'படம் புள்ளி புள்ளியா இருக்கே' என்று தோன்றுகிறது. அவர்களைத் திருப்திப்படுத்த நாய்ஸ் ரிடக்‌ஷன் என்னும் திருகாணியைக் கொஞ்சம் கூடுதலாகத் திருப்பினால் போதும், படம் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். மனிதர்கள் மெழுகு பொம்மை ஆகிவிடுவார்கள்.

'பிரிடேட்டர்' படத்துக்கு 2010இல் வந்த ப்ளூ-ரேதான் இதற்குச் சேகரிப்பாளர்கள் எல்லோரும் காட்டும் உதாரணம். 2008இல் வந்த முந்தைய டிஸ்க் பழைய எம்பெக்-2 என்னும் சுருக்க முறையில், ஒரே தகவல் அடுக்கில் சுருட்டியது, கரடுமுரடாகத்தான் இருக்கும். ஆனாலும் விஷயம் தெரிந்தவர்கள் அதை விற்கவில்லை. புதியதில் காட்டுக்குள் வேர்த்து வழியும் முகங்கள் சலவை செய்ததுபோல் இருந்தன. 65 மிமீ சுருளில் எடுத்த 'பேட்டன்' படத்துக்கும் 2008இல் இதே கதி. அத்தனை பெரிய நெகடிவில் இருந்த நுணுக்கத்தைத் தேய்த்து எடுத்துவிட்டார்கள், 2012இல் திருத்தி மறுபடி வெளியிட வேண்டியிருந்தது. 2024இல் 'ஏலியன்ஸ்', 'ட்ரூ லைஸ்' ஆகியவற்றின் 4கே டிஸ்க்குகளைச் சுற்றி நடந்த சண்டை இதன் அடுத்த கட்டம். இப்போது கிரெய்னை அழிப்பதோடு நிற்பதில்லை. மென்பொருள் தானாக ஊகித்து, இல்லாத கூர்மையை வரைந்து வைக்கிறது. கண் இமை கம்பிபோல் நிற்கும், பின்னால் இருப்பவர் முகம் கோணிக்கொண்டிருக்கும்.

மேஜையில் இது எப்படி நடக்கிறது என்று ஒரு காட்சியை வைத்துச் சொல்கிறேன். தூசி நீக்கும் மென்பொருள் ஒரு ஃபிரேமை அதன் முன்னும் பின்னும் உள்ள ஃபிரேமோடு ஒப்பிடும். ஒரே ஒரு ஃபிரேமில் மட்டும் வந்து மறையும் எதையும் தூசி என்று நினைத்து அழித்துவிடும். மழைக் காட்சியை அதனிடம் கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு துளியும் ஒரு ஃபிரேமில்தான் இருக்கும், அடுத்ததில் வேறு இடம். மென்பொருளுக்கு அது கீறல். தானியங்கி முறையில் ஓட்டிவிட்டுப் போனால் காலையில் வந்து பார்க்கும்போது ஆட்கள் குடை பிடித்து நிற்பார்கள், தரை நனைந்திருக்கும், மழையை மட்டும் காணோம். தீப்பொறி, கத்தியின் மின்னல், எறிந்த பந்து எல்லாவற்றுக்கும் இதே ஆபத்து. ஆகவே இப்படிப்பட்ட ஷாட்களில் தானியங்கியை நிறுத்திவிட்டு ஃபிரேம் ஃபிரேமாகக் கையால் செய்ய வேண்டும். செய்யாத வெளியீடுகளும் விற்கின்றன. டிஸ்க் வாங்கியதும் நீங்கள் முதலில் போட்டுப் பார்க்க வேண்டியது மழையும் நெருப்பும் வரும் காட்சிகளைத்தான்.

அதோடு இன்னொன்று. கரும்பொருள்களின் விளிம்பில், வானத்துக்கு எதிரே நிற்கும் கட்டடத்தின் ஓரத்தில், மெல்லிய வெள்ளைக் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் செயற்கையாகக் கூர்மை ஏற்றியிருக்கிறார்கள். உங்கள் டிவியிலேயே ஷார்ப்னஸ் ஏறியிருந்தாலும் இதே கோடு வரும், ஆகவே முதலில் அதைக் குறைத்துவிட்டுப் பிறகு டிஸ்க்கைத் திட்டுங்கள்.

வண்ணத்தில் விவகாரம் இவ்வளவு நேராக இல்லை. எங்கள் துறையிலேயே இரண்டு கட்சி. இயக்குநர் உட்கார்ந்து ஒப்புதல் கொடுத்தால் அதுதான் இறுதி என்பது ஒரு கட்சி. படம் வெளியானபோது திரையில் எப்படி இருந்ததோ அதுதான் சரி என்பது இன்னொன்று. 'தி ஃபிரெஞ்ச் கனெக்‌ஷன்' படத்தின் 2009 ப்ளூ-ரேயில் இயக்குநர் வில்லியம் ஃபிரீட்கின் தானே வண்ணத்தை மாற்றி, வெளிறிய, கசிந்த நிறத்தில் கொடுத்தார். படத்தின் ஒளிப்பதிவாளர் ஓவன் ராய்ஸ்மன் அதைப் பகிரங்கமாகவே கடிந்துகொண்டார். 2012இல் வேறு வண்ணத்தில் மறுபடி வந்தது. இதில் நான் இரண்டாவது கட்சி. முப்பது நாற்பது வருடம் கழித்து இயக்குநருக்கு ரசனை மாறுவது இயல்பு. மாறிய ரசனையை ஒரு கூடுதல் பதிப்பாகத் தரட்டும், பழையதை அழிக்க வேண்டாம். ஆனால் என் எதிர்க்கட்சியும் ஒரு நியாயம் சொல்லும்: பழைய பிரிண்ட்களே ஒன்றுபோல் ஒன்று இருந்ததில்லை, சாயம் மங்கிய பிரிண்டை வைத்து 'இதுதான் அசல்' என்று எதை நிரூபிப்பாய்? அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. அந்த 2009 டிஸ்க்கை, பிடிக்காவிட்டாலும், நான் வைத்திருக்கிறேன். அந்த வடிவம் வேறெங்கும் வராது.

ஒலியைப் பலர் கவனிப்பதே இல்லை. ஒரே ஸ்பீக்கருக்கான மோனோவில் வெளியான படத்தை ஆறு ஸ்பீக்கருக்கான 5.1க்கு மாற்றும்போது சில சமயம் காலடி ஓசை, கதவுச் சத்தம், துப்பாக்கிச் சத்தம் எல்லாம் புதிதாகப் பதிவு செய்து சேர்க்கிறார்கள். 1996இல் 'வெர்டிகோ' சீரமைக்கப்பட்டபோது இப்படிப் புதிய ஒலிகள் சேர்ந்தது பெரிய விவாதமானது. புதிய கலவை கூடவே இருந்தால் கெடுதல் இல்லை. பழைய மோனோ தடத்தையும் லாஸ்லெஸாக, அதாவது தரம் குறையாமல், வைத்திருக்கிறார்களா என்பதுதான் கேள்வி. உறையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் 'ஒரிஜினல் மோனோ' என்று இருந்தால் அந்த வெளியீட்டுக்கு நான் இரண்டு மதிப்பெண் கூடப் போடுவேன்.

வெவ்வேறு வெட்டுகள் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 2007இல் 'பிளேடு ரன்னர்' ஐந்து வடிவங்களையும் ஒரே தொகுப்பில் கொடுத்தது. எல்லோரும் செய்ய வேண்டியது அது. 'ஸ்டார் வார்ஸ்' முதல் மூன்று படங்களின், பின்னால் மாற்றப்படாத தியேட்டர் வடிவம் 2006இல் டிவிடியின் கூடுதல் டிஸ்க்காக, அதுவும் டிவிடிக்கு முந்தைய பெரிய வட்டான லேசர்டிஸ்க்கின் 1993 மாஸ்டரிலிருந்து எடுத்த மங்கலான பிரதியாக வந்தது. தரத்தில் சுமார்தான். ஆனாலும் அதை வைத்திருப்பவர் விடமாட்டார், ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

இடவசதிக் கணக்கு ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் ஏமாற்று அதிகம் நடப்பது இங்கேதான். ஓர் அடுக்கு டிவிடியில் 4.7 ஜிபி, இரண்டு அடுக்கில் 8.5. ப்ளூ-ரேயில் 25 அல்லது 50. 4கே டிஸ்க்கில் பெரும்பாலும் 66 அல்லது 100. இரண்டரை மணி நேரப் படம் ஒன்று 8.5 ஜிபியில் இருந்தால் நொடிக்குச் சராசரி ஏழரை மெகாபிட் தகவல் கிடைக்கும், டிவிடிக்கு அது தாராளம். அதே டிஸ்க்கில் மூன்று படங்களைத் திணித்தால் ஒவ்வொன்றுக்கும் இரண்டரைதான். நடனக் காட்சியில் கூட்டம் அசையும்போது படம் கட்டம் கட்டமாக உடைவது இதனால்தான். 'ஒரே டிஸ்க்கில் 3 படம்' என்பதைச் சலுகை என்று நினைத்து வாங்குகிறார்கள். கணினியில் ப்ளூ-ரே டிரைவ் இருந்தால் பிடிஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் எல்லாவற்றையும் புட்டுப் புட்டு வைத்துவிடும்: எத்தனை ஜிபி, நொடிக்குச் சராசரி எத்தனை மெகாபிட் (பிட்ரேட்), ஒலித்தடம் லாஸ்லெஸா இல்லையா என்று.

'4கே' என்ற எழுத்துக்கும் இதே எச்சரிக்கை. 2000க்குப் பிறகு வந்த எத்தனையோ படங்கள் 2கே டிஜிட்டல் மாஸ்டராகவே முடிக்கப்பட்டவை. அவற்றின் 4கே டிஸ்க் என்பது பெரிதாக்கிய 2கேதான். எச்டிஆர் என்னும், வெளிச்சமும் நிறமும் விரிந்த வண்ணத்துக்காக வாங்கலாம், நுணுக்கம் நான்கு மடங்காகும் என்று வாங்க வேண்டாம். நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும் பேல் முறைப் பழைய டிவிடிகளில் இன்னொரு சிக்கல். 24 ஃபிரேம் படத்தை வேகப்படுத்தி ஓட்டுவதால் 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடியும். சரிசெய்யாமல் விட்டால் குரலும் பாட்டும் சுருதி ஏறிக் கேட்கும். இசைக்காகப் படம் சேர்ப்பவர்கள் ஓடும் நேரத்தைப் பார்த்து வாங்குங்கள்.

கமெண்டரி, பேட்டி போன்ற கூடுதல் சமாச்சாரங்களுக்காக மட்டுமே ஒரு டிஸ்க்கை வைத்துக்கொள்வது நியாயம்தான். 1984இல் கிரைட்டீரியன் நிறுவனம் வெளியிட்ட 'கிங் காங்' லேசர்டிஸ்க்கில்தான் ஓர் ஆய்வாளர் படத்தோடு கூடவே பேசிக்கொண்டு வரும் வழக்கம் தொடங்கியது. புதிய பதிப்பு வரும்போது உரிமைச் சிக்கலால் இவை காணாமல் போவது சகஜம். பழையதை விற்கும் முன் இரண்டின் பின்பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

ஸ்டீல்புக்கைப் பற்றி: நெளியும். வேறு சொல்ல ஒன்றுமில்லை.

கடைசியாக டிஸ்க் என்ற பொருளைப் பற்றி. சிறிய நிறுவனங்கள் சில, அச்சில் அழுத்திய டிஸ்க்குக்குப் பதிலாக பர்ன் செய்த டிஸ்க்கை விற்கின்றன. டிவிடியாக இருந்தால் அடிப்பக்கம் ஊதா சாயல் தெரியும், பதிவு முடிந்த இடத்தில் வட்டமாக ஒரு நிற வேறுபாடும் இருக்கும். சாயத்தில் பதிவானது என்பதால் வெயிலும் வெப்பமும் அதற்கு ஆகாது. அச்சில் அழுத்திய டிவிடியிலும், இரண்டு தகடுகளை ஒட்டிய பசை சரியில்லை என்றால் உள்ளே காற்றும் ஈரமும் புகுந்து உலோக அடுக்கு அரித்துப்போகும். ப்ளூ-ரேயில் தகவல் அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது. அதனால் கடினப் பூச்சு போட்டிருப்பார்கள். அந்தப் பூச்சைத் தாண்டும் கீறல் விழுந்தால் தேய்த்துச் சரிசெய்யும் இயந்திரம் அதற்கு உதவாது.

ஆகவே பிளாஸ்டிக் உறையைக் கிழிக்காமல் வைத்திருந்தால் மதிப்பு கூடும் என்று நம்புகிறவர்களிடம் நான் சொல்வது: உள்ளே இருப்பது ஓடுகிறதா என்றே உங்களுக்குத் தெரியாது. திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் பிரித்து, முழுப் படத்தையும் தொடக்கம் முதல் கடைசி வரை ஓட்டுங்கள். குறிப்பாக நடுப்பகுதியில், ஒரு அடுக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடத்தில் திக்குகிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே அலமாரியில் இருப்பவற்றில் பத்துப் பன்னிரண்டை அவ்வப்போது எடுத்து இதேபோல் ஓட்டிப் பாருங்கள். நேற்றுவரை ஓடிய டிஸ்க் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நின்றால், வேறு பிளேயரில் போட்டு உறுதி செய்துகொண்டு, பதிப்பு இன்னும் விற்பனையில் இருக்கும்போதே மாற்று டிஸ்க் கேட்டு எழுதிவிடுங்கள். அச்சு நின்றுபோன பிறகு கேட்டால் நிறுவனத்திடமும் இருக்காது.