மகன் எடுத்த டிக்கெட், அப்பா மறைத்த மயக்கம்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், கத்திரி வெயில் நாளில், சத்துவாச்சாரியிலிருந்து ஒரு தம்பதி என் கிளினிக்குக்கு வந்தார்கள். அவர் வங்கி ஓய்வூதியர், வயது 68. உட்கார்ந்ததும் மேஜைமேல் இரண்டு பக்க ஃபாரம் ஒன்றை வைத்தார். “ஒரு கையெழுத்துதான் டாக்டர், மத்ததெல்லாம் நானே எழுதிட்டேன்.”

மகன் சியாட்டிலில் இருக்கிறான். அப்பா அம்மாவின் நாற்பதாவது கல்யாண நாளுக்கு அலாஸ்காவில் எட்டு நாள் கப்பல் பயணம் ஏற்பாடு செய்திருந்தான். மூவாயிரம் பேர் ஏறும் மிதக்கும் ஓட்டல் இல்லை, பழைய மரக்கப்பல். பயணிகளே ஆறு பேர்தான். ஃபாரம் அந்தக் கப்பல்காரர்கள் கேட்டது. ‘கடந்த 12 மாதத்தில் மயக்கம் வந்ததா?’ என்ற கேள்விக்கு எதிரே ‘இல்லை’ என்று எழுதியிருந்தார். மருந்துகள் என்ற இடத்தில் ‘பிபி மாத்திரை 1’ என்று மட்டும் இருந்தது. நான் பேனாவை எடுத்துவிட்டேன். அதுவரை வாயே திறக்காமல் இருந்த அம்மா, கைப்பையை மூடிக்கொண்டே கேட்டார்: “பாத்ரூம்ல ரெண்டு தடவ விழுந்ததச் சொல்லலியா?”

“அது வெயிலு” என்றார் அவர்.

பேனாவை மூடி வைத்தேன்.

மேலே சொன்னவர்களின் அடையாளங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். ஆனால் இதைப் போன்ற ஃபாரங்கள் இப்போது அடிக்கடி வருகின்றன. காட்பாடி, வேலூர், ராணிப்பேட்டைப் பக்கம் வீட்டுக்கு ஒரு பிள்ளை வெளிநாட்டில் என்று ஆகிவிட்டது. முன்பெல்லாம் பெற்றோரை நயாகராவுக்கு அழைத்துப் போய் மழைக்கோட்டோடு போட்டோ எடுத்து அனுப்புவார்கள். இப்போது ‘யாரும் போகாத இடம்’ தேடுகிறார்கள். யாரும் போகாத இடத்தில் ஆஸ்பத்திரியும் இருக்காது. என்னை எழுத வைத்தது இந்தச் சாதாரண விஷயம்தான்.

கப்பலைப் பற்றி எனக்கு முதலில் ஒன்றும் தெரியாது. நம்ம ஊர்ப் பெருமையே நீரில்லாத ஆறு! குடியாத்தத்தில் இருக்கும் ஒரு பெரியவர் முப்பது வருஷம் கப்பலில் என்ஜினியராக வேலை பார்த்தவர், என்னிடம் சர்க்கரைக்கு வருகிறார். அவரிடம் கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சியாட்டில், வான்கூவர் பக்கத்தில் இப்படிச் சுற்றுலா போகும் மரக்கப்பல்கள் பல ஒரு காலத்தில் கூலிக்கு உழைத்தவை. மீன் ஏற்றியவை, மரக்கட்டை இழுத்தவை, தீவுகளுக்குத் தபால் கொண்டுபோனவை. 1929இல் கட்டப்பட்ட ‘டேவிட் பி’ என்ற கப்பலுக்கு அலாஸ்காவின் பிரிஸ்டல் விரிகுடாவில் சால்மன் பிடிக்கும் பாய்மரப் படகுகளை இழுத்துப் போவதுதான் வேலை. அந்த விரிகுடாவில் 1951 வரை மோட்டார் வைத்து மீன் பிடிக்கத் தடை இருந்ததால், இழுத்துப் போக ஆள் தேவைப்பட்டது. அதில் இன்றும் மூன்று சிலிண்டர் கொண்ட பழைய டீசல் என்ஜின்தான். அதைப் பற்றிப் பேசும்போது எங்கள் குடியாத்தம் என்ஜினியர் முகத்தில் பேரனைப் பற்றிப் பேசுகிற களை வந்துவிடுகிறது. நிமிடத்துக்குச் சில நூறு சுற்றுதான் சுற்றுமாம், பக்கத்திலேயே நின்று கையால் எண்ணெய் விட வேண்டுமாம்.

இன்னொன்று ‘கொலம்பியா 3’. கனடாவின் மேற்குக் கரையில், மரம் வெட்டும் முகாம்களுக்குப் படகில் மருத்துவம் கொண்டுபோக 1904இல் தொடங்கிய கொலம்பியா கோஸ்ட் மிஷனுக்காக 1950களில் கட்டிய கப்பல். அந்த மிஷன் தொடங்கிய பத்தாண்டில்தான் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய நம்ம ஐடா ஸ்கடர் அம்மையார் பெஷோ கார் ஒன்றில் ஏறி, குடியாத்தம் ரோட்டில் மரத்தடி மரத்தடியாக நின்று வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரைக் கொண்டுபோகப் பிறந்த கப்பலில் இன்று போவது கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகு ஓட்ட வரும் சுற்றுலாப் பயணிகள்.

ஆயிரக்கணக்கில் ஆள் ஏறும் பெரிய கப்பலில் டாக்டர் உண்டு, நர்ஸ் உண்டு, ஈசிஜி மெஷின் உண்டு. ஆறு பேர், பத்துப் பேர் போகும் மரக்கப்பலில் கேப்டனும், சமையல் செய்பவரும், இன்னும் ஓரிருவரும்தான். அவர்களுக்கு முதலுதவி தெரியும், அதற்குமேல் ரேடியோவில்தான் கேட்க வேண்டும்.

“ஆலப்புழையில போட் ஹவுஸ்ல ராத்திரி தங்கினோமே டாக்டர், அந்த மாதிரிதானே?” என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஒரு வகையில் அந்த மாதிரிதான். கெட்டுவள்ளம் என்ற அந்தப் போட் ஹவுஸும் நெல் மூட்டை ஏற்றிய உழைப்பாளிப் படகுதான். ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டியது. ஆனால் ஆலப்புழையில் நெஞ்சு வலித்தால் படகைக் கரையில் ஒதுக்கி ஆட்டோ பிடிக்கலாம். இந்தக் கப்பல்களின் வேகம் ஏழு, எட்டு நாட். அதாவது மணிக்குப் பதினாலு கிலோமீட்டர் சுமாருக்கு. வேலூரிலிருந்து சென்னை 140 கிலோமீட்டர், அந்த வேகத்தில் போய்ச் சேரப் பத்து மணி நேரம். மாரடைப்பில் முதல் ஒன்றிரண்டு மணி நேரம்தான் பொன். ஹெலிகாப்டர் உண்டு, சிட்காவிலிருந்து அமெரிக்கக் கடலோரக் காவல் படையோ, கோமாக்ஸிலிருந்து கனடா விமானப் படையோ வரும், நன்றாகவே வரும். ஆனால் மூடுபனியும் செங்குத்து மலையும் இருக்கும் இடத்தில் எப்போது வரும் என்பது வானத்தின் கையில் இருக்கிறது.

சரி, உடம்புக்கு வருவோம்.

எனக்கு மாரடைப்பைவிடப் பயம் சர்க்கரைக்காரரின் வாந்திதான். வான்கூவரிலிருந்து அலாஸ்கா போகும் வழியில் பெரும்பகுதி தீவுகளின் மறைவில் குளம் மாதிரி இருக்கும். அதை நம்பி ஏறுவார்கள். குயின் சார்லட் சவுண்ட், டிக்ஸன் என்ட்ரன்ஸ் என்ற இரண்டு இடங்களில் மறைவு இல்லை, பசிபிக் அலை நேராக வந்து மோதும். சின்னக் கப்பல் உருளும், வயிறு புரளும், சாப்பாடு இறங்காது. ஆனால் நம்மவர்கள் மாத்திரையை மட்டும் தவறாமல் போடுவார்கள். ‘டாக்டர் ஒரு வேளைகூட விடக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு!’ கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை தாழ்ந்து போகும். டாபாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரையோ வேறு விதமாகப் படுத்தும். சாப்பாடு இல்லாமல், வாந்தியில் நீர் வற்றிய உடம்பில், கொழுப்பு எரிவதால் உண்டாகும் கீட்டோன் ஏறி ரத்தம் அமிலமாகலாம். அப்போது குளுக்கோமீட்டரில் எண் பெரிதாக ஏறாமலும் இருக்கலாம், அதனால் ஏமாந்து போவோம். வாந்தி வந்த நாளில் எந்த மாத்திரையை நிறுத்துவது, எதைத் தொடர்வது, இன்சுலினை எவ்வளவு குறைப்பது என்று கிளம்பும் முன்பே உங்கள் டாக்டரிடம் ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்சுலினைத் தானாக அடியோடு நிறுத்தவும் கூடாது. அலாஸ்கா கோடை நேரம் நமக்குப் பதின்மூன்றரை மணி பின்னால் என்பதால், ஊசி நேரத்தையும் அதே சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

வாந்தி மாத்திரையிலும் ஒரு சங்கடம். மெடிக்கலில் பஸ் பயணத்துக்கு வாங்கும் அதே மாத்திரை, புராஸ்டேட் வீங்கிய ஆண்களுக்குச் சிறுநீரை அடைத்துவிடலாம். அடைத்தால் குழாய் போட அங்கே ஆள் இல்லை. தூக்கமும் வரும். தூக்கக் கலக்கத்தில் ஏணி இறங்குவார்கள்.

ஏணி என்றுதான் சொன்னேன். அந்தக் கப்பல்களில் கீழ்த்தட்டில் படுக்கை, மேலே சமையலறை, நடுவில் இருப்பது படி இல்லை, செங்குத்து ஏணி. கதவுக்குக் கதவு முழங்கால் உயரத் தடுப்பு. கரைக்குப் போக ஆடும் சின்னப் படகில் கால் வைத்து இறங்க வேண்டும். டிரெட்மில் டெஸ்ட்டோடு நான் ஒரு நாட்டு டெஸ்ட்டும் சொல்கிறேன். வீட்டுப் பரணுக்கு ஏணி போட்டு, யாராவது கீழே பிடித்துக்கொள்ள, மூன்று தடவை ஏறி இறங்குங்கள், இறங்கும்போது முகம் ஏணியைப் பார்த்து இருக்கட்டும். மூட்டு மாற்றியவர்களில் சிலர் இதில் ஜெயித்திருக்கிறார்கள், ஜிம் போகும் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் தோற்றிருக்கிறார். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுபவர்களுக்கு ஒரு சின்ன இடியே பெரிய ரத்தக்கட்டாகும், தலையில் பட்டால் சொல்லவே வேண்டாம். குறட்டைக்கு சிபேப் மெஷின் வைத்துத் தூங்குபவர்கள், ராத்திரி ஜெனரேட்டரை அணைத்துவிடுவார்களா, பாட்டரியில் மெஷின் ஓடுமா என்று முன்பே கேட்க வேண்டும்.

“நான் கிணத்துல குதிச்சு நீச்சல் கத்தவன்” என்று மார் தட்டும் ஆற்காட்டுப் பெரியவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நம்ம கிணற்றுத் தண்ணீர் வேறு. அங்கே கோடையிலேயே கடல் 10 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், பனிப்பாறை பக்கத்தில் இன்னும் குறைவு. விழுந்த நொடியில் மூச்சு தன்னால் உள்ளே இழுக்கும், அது தலை தண்ணீருக்குள் இருக்கும் நொடியாக இருந்தால் முடிந்தது. கனடாவின் மானிட்டோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட் இதை 1-10-1 என்று சொல்லிக் கொடுக்கிறார். முதல் 1 நிமிஷம் மூச்சை அடக்கி நிதானத்துக்குக் கொண்டுவர, அடுத்த 10 நிமிஷம்தான் கைகால் சொன்னபடி கேட்கும், குளிரில் நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். ஆக, லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தால் அந்த ஒரு மணி நேரம் உங்களுடையது, போடாவிட்டால் பெரும்பாலும் அந்தப் பத்து நிமிஷம்கூடக் கிடையாது. இதய நோயாளிக்கு முதல் நிமிஷமே கண்டம். அப்புறம் பருத்தி உடை. வேலூர் வெயிலுக்கு அது வரம், அங்கே நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளுக்குக் கம்பளி போடுங்கள்.

கடற்கரையில் பொறுக்கிய சிப்பியைச் சமைத்துத் தருகிறேன் என்று சக பயணி யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள். சில பாசிகளின் நஞ்சு சிப்பியில் தங்கும், வேகவைத்தாலும் போகாது, மூச்சுத் தசையை முடக்கும், மாற்று மருந்து கிடையாது. 1793இல் கேப்டன் ஜார்ஜ் வான்கூவரின் மாலுமி ஜான் கார்ட்டர் அந்தக் கரையில் இப்படித்தான் செத்தார், அங்கே ஒரு விரிகுடாவுக்கு அவர் பெயர். சைவக்காரர்கள் இந்த ஒரு பத்தியில் மட்டும் நிம்மதியாக இருக்கலாம்.

கேபினுக்குள் தலைவலியும் குமட்டலும் வந்தால் எல்லாரும் கடல் நோய் என்றே நினைப்பார்கள். குளிருக்குக் கதவைச் சாத்தி, உள்ளே டீசல் அடுப்போ விறகு அடுப்போ எரிந்தால் அது கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவாகவும் இருக்கலாம். ஒரே அறையில் இரண்டு பேருக்குச் சேர்ந்தாற்போல் தலைவலி வந்தால், மாத்திரை தேடாமல் முதலில் வெளிக்காற்றுக்கு வாருங்கள். அதற்கான அலாரம் கேபினில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் படுங்கள்.

மருத்துவத்தைத் தாண்டியும் சிலவற்றைக் கேட்கச் சொல்கிறேன், என் வேலை இல்லை என்றாலும். அமெரிக்காவில் ஆறு பேருக்குமேல் காசு வாங்கி ஏற்றும் சின்னக் கப்பலுக்குக் கடலோரக் காவல் படையின் சோதனைச் சான்றிதழ் வேண்டும், ஆறு பேர்வரை என்றால் அது தேவையில்லை, கேப்டனுக்கு உரிமம் இருந்தால் போதும். ஆறு பேர் கப்பல் மோசம் என்று அர்த்தமில்லை. விசாரிக்க வேண்டிய பொறுப்பு நம் தலையில் கொஞ்சம் கூடுகிறது, அவ்வளவுதான். மாற்றிக் கட்டிய படகு என்றால் எதை மாற்றினார்கள் என்று கேட்க வேண்டும். 2023 மே 7இல் மலப்புரம் தானூரில் கவிழ்ந்து 22 உயிர்களைக் கொண்டுபோன படகும் மீன்பிடிப் படகை மாற்றியதுதான். அளவுக்கு மீறி ஆள் ஏற்றி, பொழுது சாய்ந்தபின் ஓட்டினார்கள். கலிபோர்னியாவில் 2019 செப்டம்பர் 2 அதிகாலையில் ‘கன்செப்ஷன்’ என்ற படகு எரிந்தபோது கீழ்த்தட்டில் தூங்கிய 34 பேரும் இறந்தார்கள். கீழிருந்து வெளியேற வழி இரண்டு இருந்தது, இரண்டும் நெருப்புப் பிடித்த அதே அறைக்குள்தான் போய்த் திறந்தன. ராத்திரி யாரும் முழித்துக் காவல் பார்க்கவில்லை. எனவே ஏறிய அன்றே படுக்கையிலிருந்து இரண்டாவது வழி எங்கே போய்த் திறக்கிறது என்று கையால் தொட்டுப் பாருங்கள். ராத்திரி யார் முழித்திருப்பார்கள் என்று கேளுங்கள். நல்ல கேப்டன் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். குடியாத்தம் பெரியவரோ ஒரு படி மேலே போகிறார்: “மரக்கப்பல்னா கொஞ்சம் கசியும், அது தப்பில்ல. அடித்தண்ணி பம்ப் ஒரு நாளைக்கு எத்தன தடவ ஓடுதுன்னு கேளுங்க. கணக்கு சொன்னா நல்ல ஆளு.”

இன்சூரன்ஸில் பழைய வியாதியை மறைத்தால் பாலிசி வெறும் காகிதம். அங்கே கடலோரக் காவல் படை மீட்புக்குப் பில் போடாது, அதற்குப்பின் வரும் விமான ஆம்புலன்ஸும் ஆஸ்பத்திரியும் போடும். அவசர மருத்துவ இடமாற்றம் பாலிசியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

சத்துவாச்சாரிக்காரருக்கு வருகிறேன். 24 மணி நேர ஈசிஜி கட்டிப் பார்த்ததில், தூங்கும்போது அல்ல, முழித்திருக்கும்போதே அவர் இதயம் இடையிடையே சில நொடி நின்று நின்று ஓடியது தெரிந்தது. பாத்ரூமில் விழுந்ததற்குக் காரணம் வெயில் இல்லை. “பையன் காசு கட்டிட்டானே, அவன்கிட்ட எப்படிச் சொல்றது?” என்று அவர் என்னைப் பார்த்ததுதான் இன்றும் நினைவில் இருக்கிறது. வியாதியைப் பற்றி அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இப்படி மறைப்பவர்கள் நிறைய. பயத்தால் இல்லை, பிள்ளை மனசு கோணக்கூடாது என்றுதான். நானே மகனுக்குப் போன் போட்டேன். அவன் ஒரு நிமிஷம் பேசவில்லை. அப்புறம், “அம்மாவுக்குத் தெரியுமா சார்?” என்று கேட்டான்.

பேஸ்மேக்கர் வைத்தார்கள். பயணம் ஒரு வருஷம் தள்ளிப்போனது. அடுத்த கோடைக்கு அதே ஃபாரம் திரும்ப வந்தபோது, அம்மாவின் கையெழுத்தில் முழுதும் நிரம்பியிருந்தது. மருந்து எழுத இடம் போதாமல் ஒரு கோடு போட்ட தாளைப் பின் அடித்திருந்தார். மயக்கம், தேதியோடு. பேஸ்மேக்கர், மாடலோடு. மூல நோய்கூட விடவில்லை, கணவர் முகம் சிவந்துபோனது. நான் கையெழுத்துப் போட்டேன்.

நான்கு நாளில் கப்பலிலிருந்து பதில் வந்ததாம். எல்லாவற்றையும் படித்துவிட்டு கேப்டன் இரண்டே கேள்வி கேட்டிருந்தார். பேஸ்மேக்கர் அட்டையின் நகல் ஒன்று தர முடியுமா? சைவம் என்றால் முட்டை சேருமா?